காலியின் சேவலும் மட்டக்களப்பின் மீனும்

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூர் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், வாவியை ஒட்டி அமைந்த ஊர் தன்னாமுனை. அவ்வழியே செல்வோர் தெருவைக் கடக்கும் மாட்டு மந்தைகளுக்காக நின்று செல்வது வழக்கம். அம்மாடுகளின் தொடையிலோ விலாப் புறத்திலோ காய்ச்சிய இரும்பினால் சுட்ட வடு ஒன்று இருக்கும். சிலவற்றில் அது வளைகோடு, சிலவற்றில் எழுத்து, குடிக்குரிய குறியும் உடையவன் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்து விளங்குவதும் உண்டு. பட்டிக்காரன் எழுத்தறியாதவனாயினும் குறியறிவான். நூறு மாடுகள் கலந்து மேய்ந்தாலும், எது யாருடையது என்பதை எட்ட நின்றே சொல்லிவிடுவான். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் இக்குறிகளைப் பதிவு செய்வதற்கு விதி வகுத்தது. ஆயினும், சட்டம் பிறப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே வழக்கம் பிறந்துவிட்டது.

நகரங்களுக்கும் நாடுகளுக்கும் உரிய இலச்சினைகளைப் பற்றிப் பேசப் புகும்போது மாட்டுக் குறியிலிருந்து தொடங்குவது மரியாதைக் குறைவாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆனால் இரண்டும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. எழுத்து எல்லோருக்கும் எட்டாத காலத்தில், இது இன்னாருடையது என்று கண்ணுக்குக் காட்டவேண்டியிருந்தது.

ஐரோப்பாவில் கேடயச் சின்னங்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒழுங்கு பெற்றன. அதற்குக் காரணம் போர்க்களத்தின் இடர்ப்பாடே. இரும்புக் கவசமும் தலைச்சீராவும் அணிந்த வீரனின் முகம் வெளியே தெரியாது. 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில், கோமகன் வில்லியம் மாண்டான் என்ற வதந்தி பரவியபோது, அவன் தன் தலைச்சீராவை உயர்த்தி முகத்தைக் காட்டியே தன் படையை நிலைநிறுத்த வேண்டியிருந்தது. அவ்வாறு முகத்தைத் திறந்து காட்டாமலே ஆளை அறிவதற்குக் கேடயத்தில் எழுதிய உருவம் பயன்பட்டது. தந்தையின் கேடயம் மகனுக்கு வந்தது, குடும்பச் சொத்தாயிற்று. பின்னர் பிரபுக்களைப் பார்த்து நகரங்களும் சின்னம் பூண்டன. நகர மன்றத்தார் தம் உடன்படிக்கைகளை மெழுகு முத்திரையிட்டு உறுதி செய்தனர். அம்முத்திரைக்கு ஓர் உருவம் வேண்டும். என்ன உருவத்தை இடுவது?

இக்கேள்விக்கு ஜேர்மானிய நகரங்கள் பல சொன்ன விடை வேடிக்கையானது. ஊர்ப் பெயரை உரக்கச் சொல்லி, அது எதைப்போல ஒலிக்கின்றதோ அதை வரைந்துகொண்டன. மியூனிக் நகரின் பெயர் துறவியர் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. ஆகவே 1239ஆம் ஆண்டின் முத்திரையிலேயே அந்நகருக்குத் துறவி ஒருவர் சின்னமாகிவிட்டார். இங்கே பெயரும் படமும் பொருந்தியுள்ளன. ஆனால் காலப்போக்கில் ஓவியரும் சிற்பியரும் அத்துறவியை இளமையாக்கிக்கொண்டே வந்து, கடைசியில் முக்காடிட்ட சிறு குழந்தையாகவே ஆக்கிவிட்டனர். இன்று அந்நகர மக்கள் அதனை மியூனிக் குழந்தை என்றே செல்லமாக அழைக்கின்றனர். துறவி குழந்தையானதற்கு எந்த அரசாணையும் காரணமன்று. வரைந்த கைகளே காரணம்.

பேர்லின் நகரின் கதை வேறு. அதன் பெயர் பண்டைய சிலாவிய மொழியில் சதுப்பு நிலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது மொழியறிஞர் கொள்கை. ஆனால் பின்னர் வந்து குடியேறிய ஜேர்மானியர் காதில் அதன் முதலசை தம் மொழியில் கரடியைக் குறிக்கும் சொல்லாகப் பட்டது. 1280ஆம் ஆண்டின் முத்திரையில் கழுகின் இருமருங்கும் இரு கரடிகள் காவல் நிற்கின்றன. நாளடைவில் கழுகு விலகியது, கரடி நிலைத்தது. சேற்று நிலத்தின் பெயரைத் தவறாகக் கேட்டதனால் கரடிக்குக் கிடைத்த வாழ்வு அது.

தமிழ் மன்னர் மரபில் இலச்சினை என்பது இவ்வாறு ஒலியினால் அமைந்தது அன்று. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. இவற்றுக்குத் துணையாகப் பனை, ஆத்தி, வேம்பு ஆகிய மாலைகளும் உண்டு. போர்க் கலவரத்தில் தன் பக்கத்தானை அறியப் பூமாலை பயன்பட்டது என்பதைத் தொல்காப்பியம் குறிக்கின்றது. கேடயம் செய்த வேலையை இங்கே மாலை செய்தது எனலாம். ஆனால் அரச முத்திரையோ மாட்டுக் குறியைப் போலவே உரிமையைச் சுட்டுவது. முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்து முத்திரையில், குடையின் கீழ்ப் புலி அமர்ந்திருக்க, அதனருகே இரு கயல்களும் வில்லும் காணப்படுகின்றன. பகைவர் சின்னங்களை அழிக்காமல், தன் குடைக்கீழ் அடக்கி வைத்துக்கொண்டான் சோழன். ஐரோப்பியர் ஒரு கேடயத்தை நான்காகப் பகுத்து, வென்றதும் வாரிசாக வந்ததுமான நாடுகளின் சின்னங்களை அடுக்கினர். அதற்கும் இதற்கும் நோக்கத்தில் வேறுபாடில்லை.

ஈழத்தின் கிழக்குக் கரையிலும் இத்தகைய அரச குறி ஒன்று கல்லில் நிலைத்திருக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வீரபாண்டியன் கோணமலையில் இணைக்கயல் பொறித்த செய்தியை அவனது குடுமியான்மலைக் கல்வெட்டுக் கூறுகின்றது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக்கொண்டு கோட்டை எழுப்பினர். இன்று பிரெட்றிக் கோட்டை என வழங்கும் அக்கோட்டையின் வாயிற்கல்லில் தமிழ்ச் சாசனமும் கயல் உருவமும் இருக்கின்றன. கோயிலை இடித்தவரின் வாயிலிலேயே கோயிற் கல் நிற்கின்றது. உள்ளே செல்லும் எவரும் அக்கயல்களைக் கடந்தே செல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தம் காசுகளில் படுத்த எருதையும், அதன்கீழ்ச் சேது என்னும் சொல்லையும் பொறித்தனர். உருவத்தோடு எழுத்தையும் சேர்த்தமையால் அக்காசு யாருடையது என்பதில் பிற்கால ஆய்வாளருக்கு அதிக மயக்கம் நேரவில்லை. எல்லா மன்னரும் இந்த உதவியைச் செய்திருக்கலாம்.

மன்னருடையது அல்லாது நகரத்துக்கே உரிய சின்னம் என்றால், இலங்கையில் முதலில் காலிக்குச் செல்லவேண்டும். காலிக் கோட்டையின் பழைய வாயிலுக்கு இரு முகங்கள் உள்ளன. கோட்டைக்கு வெளியே நின்று நோக்கினால், பிரித்தானிய முடியின் சின்னம் தெரியும்: சிங்கமும் ஒற்றைக் கொம்புக் குதிரையும் கேடயத்தைத் தாங்கி நிற்க, கீழே பிரெஞ்சு மொழி வாசகம். உள்ளே புகுந்து திரும்பி நோக்கினால், ஒல்லாந்தரின் ஒன்றிணைந்த கிழக்கிந்தியக் கம்பனியின் மூன்றெழுத்துக் கூட்டு முத்திரை இரு சிங்கங்களின் நடுவே நிற்கின்றது. அதனுடன் உரோம இலக்கத்தில் 1669 என்னும் ஆண்டு. இவற்றுக்கெல்லாம் மேலே கொண்டையுடன் நிமிர்ந்து நிற்கின்றது ஒரு சேவல். ஒல்லாந்தர் காலியைக் கைப்பற்றியது 1640இல். பிரித்தானியர் வசம் அது சென்றது 1796இல். வந்தவர் வெளிமுகத்தைத் தமதாக்கிக்கொண்டனர், உள்முகத்தை விட்டுவிட்டனர். ஆகவே ஒரே வாயிலில் இரு ஆட்சிகள் முதுகோடு முதுகு சேர்த்து நிற்கின்றன.

அக்கம்பனியின் மூன்றெழுத்து வி. ஓ. சி. என்பதாகும். 1906இல் சுதேசிக் கப்பற் கம்பனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்ட சிதம்பரம்பிள்ளையவர்களின் பெயருக்கும் ஆங்கிலத்தில் அதே மூன்றெழுத்து வாய்த்தது வெறும் தற்செயலே. எனினும், தமிழர் ஒருவர் காலி வாயிலில் அவ்வெழுத்துகளைக் கண்டால் ஒரு கணம் திகைப்பது இயல்பு.

அவ்வாறே சேவலைக் கண்டு முருகனை நினைப்பதும் இயல்பு. சேவற்கொடி தமிழர்க்கு அத்துணைப் பழக்கமானது. ஆனால் காலியின் சேவல் கதிர்காமத்திலிருந்து வந்தது அன்று. காலி என்னும் பெயருக்குச் சிங்கள மொழியில் இருவேறு விளக்கங்கள் கூறப்படுகின்றன. பாறை என்னும் பொருளுடைய ‘கல’ என்ற சொல் என்பார் ஒரு சாரார். மாட்டுத் தொழுவம் என்னும் பொருளுடைய ‘கால’ என்ற சொல் என்பார் மற்றொரு சாரார். போர்த்துக்கேயர் காதில் விழுந்ததோ ‘கலோ’ என்னும் தம் சொல். அது சேவலைக் குறிப்பது. அவர்கள் அவ்விடத்தை அணுகியபோது சேவல் கூவக் கேட்டனர் என்று கதையும் கட்டப்பட்டது. கரையோரக் கிராமம் எதில்தான் சேவல் கூவாது? பெயரின் ஒலி முதலில் வந்தது. அதற்குச் சான்று சொல்லக் கதை பின்னால் வந்தது. ஒல்லாந்தர் அச்சேவலை ஏற்று, ஒரு பாறையின்மேல் நிற்கவைத்துக் காலிக்குச் சின்னமாக்கினர். சிங்களவர் சொன்ன பாறையும், போர்த்துக்கேயர் கேட்ட சேவலும் ஒன்றாக நிற்கும் அப்படத்தில், ஊரவன் சொன்னதும் அயலான் கேட்டதும் இரண்டுமே பதிவாகிவிட்டன. தொழுவத்து மாட்டுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை.

கொழும்புக்கும் இத்தகைய கதை உண்டு. இலைகள் அடர்ந்து கனியில்லாத மாமரம் ஒன்றிலிருந்து அப்பெயர் வந்தது என்று, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்த றொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியான தம் நூலில் எழுதினார். ஒல்லாந்தர் அந்நகருக்கு வகுத்த சின்னத்திலும் மாமரம் இடம்பெற்றது. புளியந்தீவு என்னும் பெயரின் பொருளை எவரேனும் அவர்களுக்குச் சொல்லியிருந்தால், மட்டக்களப்புக்கு ஒரு புளியமரம் கிடைத்திருக்கும்.

இவ்வளவில் ஒன்று புலனாகும். நகரச் சின்னம் என்பது அந்நகரின் பிறப்புச் சான்றிதழ் அன்று. அந்நகர் பிறர் காதில் எவ்வாறு விழுந்தது என்பதன் பதிவு. மாட்டுக் குறியைக் கண்டு உடையவனைச் சொல்லலாம். சேவலைக் கண்டு காலியை உடையவர் யார் என்று சொல்ல முடியாது. இவ்விரண்டையும் மயங்கக் கொள்வதினால்தான் சின்னங்களை முன்வைத்து வழக்கெழுகின்றது.

நாட்டுக் கொடியின் வரலாறே இதற்குச் சான்று. 1815இல் கண்டி வீழ்ந்தபோது பிரித்தானியர் எடுத்துச் சென்ற சிங்கக் கொடி இலண்டனில் செல்சி நகரத்துப் படைவீரர் இல்லத்தில் இருந்ததை ஈ. டபிள்யூ. பெரேரா கண்டறிந்தார், சிங்களக் கொடிகள் பற்றிய அவரது நூலைக் கொழும்பு அரும்பொருட்காட்சிச் சாலை 1916இல் வெளியிட்டது. 1948 பெப்ரவரி 4ஆம் நாள் அக்கொடி ஏற்றப்பட்டது. பின்னர்த் தேசியக் கொடியை ஆராயக் குழுவொன்று அமைந்தது. அதன் முடிவின்படி தமிழரையும் முஸ்லிம்களையும் குறிக்கும் இரு நிறக் கோடுகள் சேர்க்கப்பட்டு, 1951இல் புதிய கொடி ஏற்றுக்கொள்ளப்பட்டது. குழுவில் இருந்த செனற்றர் எஸ். நடேசன் அதற்கு உடன்படாமல் தம் மாறுபட்ட கருத்தைத் தனியே எழுதி வைத்தார். கோடுகள் சிங்கம் நிற்கும் சதுரத்துக்கு வெளியே நின்றன. அதைப் பற்றிய வாதம் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. ஆனால் ஒன்றை இரு தரப்பாரும் நினைவிற் கொள்வது நன்று. 1815இல் வீழ்ந்த மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன், 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர் மரபினன். அம்மரபின் உறவெல்லாம் மதுரைப் பக்கத்தது. சிங்கம் ஒரு குலத்தாரின் உறுதிப் பத்திரமாயின், அதைக் கடைசியாக ஏந்தியவன் யார் என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை.

இனி மட்டக்களப்புக்கு வருவோம். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கட்டிய கோட்டையை, ஒல்லாந்தர் 1638 மே 18ஆம் நாள் கைப்பற்றினர். இலங்கையில் அவர்களுக்குக் கிடைத்த முதல் கோட்டை இதுவே. இங்கும் வாயிலில் கம்பனியின் மூன்றெழுத்து உண்டு. ஆனால் அது கம்பனி தன் உடைமைமேல் சுட்ட குறி, நகரத்துக்கு உரியதன்று. பிற்காலத்தில் அக்கோட்டைக்குள் நெடுங்காலம் கச்சேரி இயங்கியது. காணி உறுதியோடும் விண்ணப்பத்தோடும் வந்த எத்தனையோ தலைமுறையினர் அவ்வெழுத்துகளின் கீழே நடந்தனர். அவர்களில் எவரும் அவற்றைத் தம் ஊரின் அடையாளமாகக் கொள்ளவில்லை.

ஊரார் கொண்ட அடையாளம் பாடும் மீன். மீன்பாடும் தேனாடு என்ற தொடரை அறியாத தமிழர் அரியர். வரவேற்பு வளைவுகளிலும், நகரத்துச் சங்கங்கள், நிறுவனங்களின் இலச்சினைகளிலும் மீனும் யாழும் சேர்ந்து விளங்குகின்றன. சில இடங்களில் மேற்பாதி பெண்ணாகவும் கீழ்ப்பாதி மீனாகவும் அமைந்த உருவம் யாழ் மீட்டி நிற்கின்றது. எந்த மன்னனும் இதனை வகுத்தளிக்கவில்லை. எந்தக் கம்பனியும் கல்லில் வெட்டவில்லை. இது எங்கிருந்து வந்தது?

தெளிவான பழைய பதிவுகளுள் ஒன்று, அக்காலத்து இலங்கை அரசாங்கத்தின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் எழுதியது. 1848இல் மட்டக்களப்புக்கு வந்த அவர், நிலா வெளிச்சத்தில் படகேறிச் சென்று வாவியின் ஒலியைக் கேட்டார். நீரின் அடியிலிருந்து எழுந்த அவ்வொலி ஒரே பேரொலியன்று என்றும், மெல்லிய பல ஒலிகள் தனித்தனியே தெளிவாகக் கலந்தெழுந்தன என்றும், படகு இடம் பெயர்ந்தபோது ஒலி குறைந்தும் மிகுந்தும் வந்தது என்றும் தம் இலங்கை பற்றிய பெருநூலில் விவரித்தார். அந்நூல் 1859இல் வெளிவந்தது. உலகம் மட்டக்களப்பு வாவியின் இசையை அறிந்தது பெரிதும் அதன் வாயிலாகவே.

ஆனால் அந்நூலில் பாடுவது மீன் அன்று. ஒலி எதனால் உண்டாகின்றது என்று அவர் வலைஞரைக் கேட்டபோது, அவர்கள் காட்டியது ஒருவகை ஊரியை. வாவிச் சேற்றில் வாழும் சுருட்டை ஓடுடைய சிற்றுயிர் அது. அதன் தமிழ்ப் பெயர் என்று அவர் ஆங்கில எழுத்தில் நீண்டதொரு தொடரைக் குறித்து, அழும் ஊரி என்று பொருளும் எழுதினார். ‘ஊரி குளுரு கிரடு’ என்பதுபோல் அது அச்சாகியிருக்கின்றது. மட்டக்களப்புத் தமிழ் அறிந்த எவரும் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் முறுவலிப்பர். அது பெயரே அன்று எனத் தோன்றுகின்றது. ‘ஊரி குளறுகிறது’ என்று வலைஞன் ஒருவன் சொன்ன முழு வாக்கியமாகவே அது ஒலிக்கின்றது. இது என்ன ஓசை என்று துரை கேட்டார்; ஊரி குளறுகிறது என்று அவன் சொன்னான்; அதனையே உயிரினத்தின் பெயராகத் துரை எழுதிக்கொண்டார் போலும். காலித் துறையில் போர்த்துக்கேயருக்கு நேர்ந்தது, ஏறக்குறைய முந்நூறு ஆண்டு கழித்து இங்கே கல்வியிற் சிறந்த பிரித்தானியர் ஒருவருக்கும் நேர்ந்தது.

ஊரி பாடுகிறது என்று சொல்வதற்கும் மீன் பாடுகிறது என்று சொல்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. ஊரி சேற்றில் ஊர்வது. அதனை வளைவில் எழுதினால் வழிப்போக்கர் நத்தை என்பர். மீனோ துள்ளுவது, கண்ணுக்கு இனியது, வாவியின் உணவும் வாழ்வும் அதுவே. நகரத்தின் நாவில் மீன் வென்றது. கயலைக் கண்டவுடன் பாண்டியர் கொடியை நினைத்து, இச்சின்னத்துக்கு மூவேந்தர் தொன்மை கூறுவோரும் உளர். கோணமலைக் கல்லில் உள்ள இணைக்கயல் அரசனின் குறி. வாவியின் மீன் அவ்வாறன்று. அது வாய்திறந்து பாடுகின்றது. அரசர் கயல் பாடியதாக எங்கும் செய்தி இல்லை.

மீன் பெண்ணானதற்குத் தமிழிலக்கிய மரபு துணைநின்றது. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், இளமையில் தாம் அறிந்த வாவியின் இசையை மறந்தாரல்லர். அவ்விசையை நீரர மகளிரின் பாடலாகக் கொண்டு செய்யுள் இயற்றினார். நீரில் வாழும் தெய்வ மகளிர் பற்றிய எண்ணம் தமிழில் மிகப் பழையது. அதனை வாவியோடு இணைத்தமை அடிகளின் செயல். பண்டைத் தமிழர் யாழ்க் கருவிகளை ஆராய்ந்து அவர் எழுதிய யாழ் நூல் 1947இல் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். ஆகவே யாழ் ஏந்திய நீர்மகளைக் கிழக்கிலங்கையில் வரையும் ஓவியன், தெரிந்தோ தெரியாமலோ அடிகளின் நிழலில் நின்றே வரைகின்றான். சிற்பியின் கையில் மியூனிக் துறவி குழந்தையானதுபோல, இங்கே புலவர் கையில் ஊரி மீனாகி, மீன் மங்கையாயிற்று எனலாம்.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், மட்டக்களப்பில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் இவ்வொலியைக் கருவியிற் பதிவு செய்தார். இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது. அதுவரை படகேறிச் சென்றோர் மட்டும் கேட்ட ஒலி, வாவியையே காணாதோர் வீடுகளுக்கும் சென்றது.

வலைஞர் கேட்கும் முறை இன்னும் எளிது. முழுமதி நாளில் கல்லடிப் பாலத்தருகே படகை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையைக் காதோடு சேர்ப்பர். காற்றும் அலையும் அடங்கியிருக்க வேண்டும். 1924இல் திறக்கப்பட்டு, ஆள்பதி மனிங்கின் துணைவியார் பெயர் பூண்ட பழைய பாலத்தின் அருகே, 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. ஊர்திகளின் இரைச்சலும் நகர விளக்குகளும் பெருகிவிட்டன. முன்போல் அடிக்கடி கேட்பதில்லை என்பது முதியோர் கூற்று. கேட்டவர்களிடம் என்ன கேட்டது என்று வினவினால், தந்தியை மீட்டினாற்போல என்பர் சிலர். தவளைக் குரல் போல என்பர் சிலர். மீனா, ஊரியா என்று வினவினால், நகரத்தவர் தயங்காமல் மீன் என்பர். வலை வீசுவோரில் வயது முதிர்ந்தவர் சிலர் மட்டும் துடுப்பை நீரிலிருந்து எடுத்துக்கொண்டே, ஊரி என்பர்.